வளவுச் சுவருக்குத் தாள் தேடியபோது

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் அச்சிட்டுக் கொடுத்த புகைப்படமொன்றைச் சுவரிலிருந்து இறக்கி, பட்டாலை என்னும் கூடத்தில் பாயின் மேல் வைத்துவிட்டு, அந்த வீட்டு ஆச்சி என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். “தம்பி, படத்துல வெள்ளையெல்லாம் பழுப்பேறிப்போச்சு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க” என்றார்கள். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு வருத்தம் கூடியது. காரைக்குடியிலிருந்து அன்று மாலையே கிளம்பிப் போனேன்.

அது அவர்கள் வீட்டு முற்றத்தை உச்சிவேளையில் எடுத்த படம். நான்கு பக்கமும் தூண்களும், அவற்றுக்குப் பின்னால் செட்டிநாட்டுப் பூச்சுப் பூசிய வெள்ளைச் சுவரும் கொண்ட அந்தப் படத்தின் உயிரே வெள்ளைதான். ஃபிரேமின் பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றித் தாளை வெளியே எடுத்தபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. மவுண்ட் அட்டை மூடியிருந்த அரை சென்டிமீட்டர் விளிம்பு வாங்கிய நாளின் வெண்மையோடு இருக்க, வெளிச்சம் பட்ட பகுதி மட்டும் மங்கிய மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் சிறிய புறஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தேன். விளிம்பு நீலமாக ஒளிர்ந்தது. நடுப்பகுதி இருண்டு கிடந்தது.

மையில் கோளாறு இல்லை. நிறமி மையால் அச்சிட்ட படம் அது. நிறங்கள் ஏறத்தாழ அப்படியே இருந்தன. மாறியது தாள். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதைப் போல, பல தாள்களில் ஆப்டிகல் பிரைட்டனர் என்னும் வெண்மையூட்டியைச் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவது அதன் வேலை. அதனால் தாள் தன் இயல்பைவிட வெண்மையாகத் தோன்றும். ஆனால் வெளிச்சத்தில் அந்தப் பொருள் நாளடைவில் சிதைந்து செயலிழக்கும். அப்போது தாள் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பிவிடும். படத்துக்கு முன்னால் சாதாரணக் கண்ணாடி இருந்ததே என்று கேட்கலாம். வெண்மையூட்டியைத் தூண்டும் அலைநீளங்களில் பெரும்பகுதியைச் சாதாரணக் கண்ணாடி உள்ளே விட்டுவிடுகிறது. வானம் திறந்த முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுப் பத்தி என்னும் தாழ்வாரத்தில் ஆண்டு முழுவதும் பகல் வெளிச்சம் உண்டு. மூன்று ஆண்டுகள் அங்கே போதுமானவையாக இருந்துவிட்டன.

அந்தத் தாளை நான் தேர்ந்தெடுத்த விதம்தான் பிழை. கடையில் ஐந்தாறு மாதிரித் தாள்களை வரிசையாக வைத்து, எது பளிச்சென்று வெண்மையாக இருந்ததோ அதை வாங்கினேன். நூறு சதவீதம் பருத்தி, அமிலம் இல்லாதது என்று உறையில் அச்சிட்டிருந்தது. அவை இரண்டும் உண்மையும்கூட. பருத்தித் தாள் என்பதால் வெண்மையூட்டி இருக்காது என்று நானாக எண்ணிக்கொண்டேன். நார் எது என்பதும், மேற்பூச்சிலும் கூழிலும் என்ன கலந்திருக்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். அன்று முதல் புதிய தாள் எதுவானாலும் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. சில தாள்களில் இலேசாகத்தான் ஒளிரும், சிலவற்றில் கண் கூசும் அளவுக்கு ஒளிரும். முன்னும் பின்னும் வேறுவேறாக ஒளிரும் தாள்களும் உண்டு.

ஆச்சியிடம் படத்தைத் திரும்ப அச்சிட்டுத் தருவதாகச் சொன்னேன். அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. தை மாதத்தில் மகனுக்கு அறுபதாம் கல்யாணம். வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் எல்லாரும் வந்து கூடுவார்கள். அதற்குள் வீட்டைப் பற்றிய 14 படங்கள் பத்தியிலும் பட்டாலையிலும் மாட்டப்பட வேண்டும் என்றார்கள். ஒரு முறை தவறியவனை நம்பி இன்னொரு முறை கொடுத்த வேலை அது. அதனால் இம்முறை கடை மேசையில் வைத்துத் தாளை முடிவு செய்வதில்லை, படம் தொங்கப்போகும் சுவரில் வைத்தே முடிவு செய்வது என்று தீர்மானித்தேன். என் அனுபவத்தில் தாள் தேர்வின் முக்கால் பங்கு அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

ஐந்து வகைத் தாள்களில் ஏ4 அளவில் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டேன்: பழைய பளிச்சென்ற பருத்தித் தாள், வெண்மையூட்டி இல்லாத, வழவழப்பான ஆனால் மினுங்காத மேட் பருத்தித் தாள், மேடுபள்ளமான பரப்புடைய எட்சிங் வகை, பழைய இருட்டறைத் தாள்களின் முறையில் வந்த பரைட்டா, பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி சாட்டின். ஒவ்வொன்றிலும் ஒரே மூன்று படத்துண்டுகளை அச்சிட்டேன். முதல் துண்டில் பூச்சுச் சுவரின் வெள்ளை, இரண்டாவதில் பட்டாலையில் நிற்கும் பர்மா தேக்குத் தூணின் நிழல், மூன்றாவதில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் கோடுகளும். மற்றவர்கள் தங்கள் படங்களுக்கு ஏற்ற மூன்று துண்டுகளைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் மிக வெளிச்சமான இடம், மிக இருண்ட இடம், மிக அடர்ந்த நிறம் ஆகிய மூன்றும் அவற்றில் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பொதுவான சோதனைப் படத்தை மட்டும் அச்சிட்டுப் பார்த்தால், உங்கள் படத்தில் வரும் சிக்கல் அதில் வராமலே போகலாம்.

இந்தத் துண்டுகளை வளவுச் சுவரில் குத்தி வைத்து மூன்று வாரங்கள் விட்டுவிட்டேன். காலை எட்டு மணி, உச்சிவேளை, விளக்கு வைக்கும் நேரம் என்று வெவ்வேறு பொழுதுகளில் போய்ப் பார்த்தேன். பகலில் முற்றத்து வெளிச்சம் நீலச் சாயலோடு வரும். இரவில் அந்த வீட்டில் இன்னும் மஞ்சள் விளக்குகள்தாம். வெண்மையூட்டி உள்ள தாள் பகலில் எல்லாவற்றையும்விட வெண்மையாக நின்றது. இரவில், புறஊதா இல்லாத அந்த மஞ்சள் விளக்கில், பக்கத்துத் தாளிலிருந்து அதைப் பிரித்தறியவே முடியவில்லை. எந்தப் பளிச்சுக்காக அதை வாங்கினேனோ அந்தப் பளிச்சு பாதி நாள் வேலை செய்வதில்லை.

கருமையில்தான் எனக்கு நீண்ட யோசனை தேவைப்பட்டது. மேட் தாளில் நிறமி மை தரும் அதிகபட்சக் கருமை, அடர்த்தி அளவில் ஏறத்தாழ 1.6 முதல் 1.7 வரை வரும், பரைட்டாவில் 2.2-ஐத் தாண்டும். எண்களில் சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும் இது மடக்கை அளவு. அடர்த்தி 1.7 என்றால் விழும் ஒளியில் நூற்றில் 2 பங்கு திரும்புகிறது, 2.3 என்றால் அரைப் பங்குதான் திரும்புகிறது. தேக்குத் தூணின் நிழலில் உளி வேலைப்பாடு இருக்கிறது. மேட் தாளில் அது ஒரே கரிக்கட்டையாகக் குவிந்துவிட்டது. பரைட்டாவில் நிழலுக்குள் நிழல் தெரிந்தது. பரைட்டா என்பது காகிதத்துக்கும் மை ஏற்கும் பூச்சுக்கும் நடுவே பேரியம் சல்பேட் அடுக்கு கொண்ட தாள். இருட்டறை காலத்து வெள்ளிப் படத்தாள்களிலிருந்து வந்த முறை இது. அதே பட்டாலையில் தொங்கும் பெரிய ஐயாக்களின் பழைய உருவப்படங்களின் அருகே வைத்தபோது, ஐந்தில் பரைட்டா ஒன்றுதான் அவற்றுக்கு உறவுபோல நின்றது.

அப்படியானால் எல்லாவற்றையும் பரைட்டாவிலேயே அச்சிட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பூச்சுச் சுவரின் படம் அந்த எண்ணத்தை மாற்றியது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து எடுத்த அந்தச் சுவருக்கு ஒரு மெல்லிய மினுக்கம் உண்டு. மினுக்கத்தைக் காட்ட மினுங்கும் தாள்தான் பொருத்தம் என்று நம்பி அச்சிட்டேன். ஆனால் தாளின் மினுக்கம் படம் முழுவதும் ஒரே சீராகப் படர்ந்தது. சுவரின் மினுக்கமோ தூணுக்குப் பக்கத்தில் ஒரு கோடாகத் தொடங்கி மெல்லக் கரைவது. இரண்டும் ஒன்றோடொன்று மோதின. வழவழப்பான மேட் பருத்தித் தாளில் தாள் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. அதனால் சுவரின் மினுக்கம் மட்டும் மிஞ்சியது. இதைப் பொது விதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பொருளின் மினுக்கத்தையும் தாளின் மினுக்கத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்பதை அன்று தெளிவாகக் கண்டேன். இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தியும் உண்டு. 1850இல் பிரான்சின் பிளாங்கார்-எவ்ரார் அறிமுகப்படுத்திய ஆல்புமின் புகைப்படத் தாளுக்கும் முட்டை வெள்ளையே பூச்சு. எங்கள் சுவருக்கும் அந்தக் காலத்துப் படத்துக்கும் மினுக்கம் கொடுத்தது ஒரே பொருள் என்பதை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

எட்சிங் வகைத் தாளைக் கையில் தடவிப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆத்தங்குடிக் கல் அதில் கெட்டுப்போனது. கண்ணாடிப் பலகையின் மேல் வார்க்கப்படுவதால் அந்தக் கல்லின் முகம் கண்ணாடிபோல வழவழப்பானது. அதன் கோடுகள் கூர்மையானவை. தாளின் மேடுபள்ளம் அந்தக் கோடுகளை நடுங்க வைத்தது. மாறாக, கொட்டான் முடையும் கைகளின் படம், ஓலையின் சொரசொரப்பும் விரல் சுருக்கங்களுமாக, அதே தாளில் நன்றாக அமைந்தது. ஆர்சி தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஆல்பத்துக்கும் அவசரத்துக்கும் நல்லது, நூறாண்டு வீட்டின் சுவருக்கு நான் வைக்க மாட்டேன்.

மேட் வகையில் இறுதியாக நான் எடுத்தது கேன்சன் இன்ஃபினிட்டியின் ராக் ஃபோட்டோகிராஃபிக், 310 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 310 கிராம் எடை). நிழல் மிகுந்த படங்களுக்கு, பரைட்டாவின் தோற்றத்தைத் தரும் அதே நிறுவனத்தின் பிளாட்டின் ஃபைபர் ராக், அதுவும் 310 ஜிஎஸ்எம். இரண்டும் முழுப் பருத்தி, இரண்டிலும் வெண்மையூட்டி இல்லை. ஹானெமியூலெயின் ஃபோட்டோ ராக் 308-ஐ ஒப்பீட்டுக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன். அதன் மென்மையான பரப்பை விரும்புவோர் பலர். பெயரைவிட முக்கியமானது, ஒரு மேட், ஒரு பரைட்டா என்று இரண்டு தாள்களோடு நின்று அவற்றை ஆழமாகப் பழகிக்கொள்வது. பத்து வகைத் தாள்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்த காலத்தில் எதிலும் எனக்குக் கை தேறவில்லை.

தாள் முடிவானபின் வந்த தொல்லைகளையும் சொல்ல வேண்டும். மேட் பருத்தித் தாளுக்குப் பூச்சு ஒரு பக்கம்தான். இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். அவசரத்தில் ஏ3 பிளஸ் தாளொன்றைத் திருப்பிப் போட்டு அச்சிட்டேன். மை பரவி, கருமை சாம்பலாகி, படம் ஈரத்துணியில் வரைந்ததுபோல வந்தது. இப்போது தாளின் மூலையை இலேசாக ஈரமாக்கிய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பார்க்கிறேன். எந்த விரலில் ஒட்டுகிறதோ அதுதான் பூச்சுப் பக்கம். பார்த்தவுடன் மறுபக்கத்து மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன்.

ஐப்பசி அடைமழையில் இன்னொரு தவறு நடந்தது. உறையைத் திறந்து இரவு முழுவதும் மேசையில் வைத்திருந்த தாள்கள் காலையில் விளிம்பெல்லாம் அலையலையாக நெளிந்திருந்தன. அப்படியே பிரிண்டரில் கொடுத்தேன். உயர்ந்திருந்த விளிம்பில் பிரிண்ட் ஹெட் உரசி, கறுப்புக் கோடு இழுத்துவிட்டது. பருத்தி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். அதன் இயல்பே அது. அதன்பின் அச்சிடும் நேரத்தில் தேவையான தாளை மட்டும் எடுத்து, மீதியைப் பாலித்தீன் உறையோடு தட்டையாகப் படுக்க வைத்தேன். கெட்டித் தாளுக்குரிய அமைப்பைத் தேர்ந்து, ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டினேன். பின்பக்க வழியாக ஒவ்வொரு தாளாகக் கொடுத்தேன். கொடுக்கும் முன் மென்மையான தூரிகையால் பரப்பை ஒரு முறை துடைப்பது மேட் பருத்தித் தாளுக்கு மிக அவசியம். ஒட்டியிருக்கும் பஞ்சுத்துகள் மேல் மை விழுந்து, பிறகு துகள் உதிர்ந்தால், அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். பூச்சுச் சுவர்ப் படத்தில் அது தெரியாது. தேக்குத் தூணில் நட்சத்திரம்போலத் தெரியும்.

என்னிடமிருந்த பிரிண்டரில் மேட் தாளுக்கான மேட் கறுப்பும் பரைட்டா போன்ற தாளுக்கான ஃபோட்டோ கறுப்பும் ஒரே மை வழியைப் பகிர்ந்துகொள்பவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் மை வீணாகும். எப்சனின் பி700, பி900 போன்ற பிந்தைய வகைகளில் இரண்டுக்கும் தனித்தனி வழி உண்டு. நான் மேட் படங்கள் ஒன்பதையும் முதலில் முடித்துவிட்டு, ஒரே ஒரு முறை கறுப்பை மாற்றி, பரைட்டா ஐந்தையும் அச்சிட்டேன்.

தாள் நிறுவனம் அந்தப் பிரிண்டருக்கென்று தரும் ஐசிசி புரொஃபைல் என்னும் நிறக் கோப்பை இறக்கிக்கொண்டு, அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபில் பார்க்கும்போது மேட் தாளில் படம் சட்டென்று உயிரற்றுத் தோன்றும். அதைக் கண்டு பயந்து தாளை மாற்ற வேண்டாம். அச்சில் எவ்வளவு கருமை கிடைக்குமோ அதைத்தான் திரை காட்டுகிறது. நிழல்களை இலேசாகத் திறந்து, நடுத்தொனியில் கொஞ்சம் மாறுபாட்டைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆத்தங்குடிச் சிவப்பு மேட் தாளின் நிற எல்லைக்கு வெளியே நின்றது. எல்லை தாண்டிய நிறத்தை எல்லையிலேயே நிறுத்தும் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் முறையில் அந்தச் சிவப்பின் நுணுக்கங்கள் வெட்டுப்பட்டன; எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் பெர்செப்சுவல் முறையில் நிறம் சற்று இறங்கினாலும் கல்லின் தேய்மானம் தெரிந்தது. இரண்டாவதையே வைத்துக்கொண்டேன். திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவுக்குக் குறைத்த பிறகுதான் “அச்சு இருட்டாக வருகிறது” என்ற என் பழைய குறை தீர்ந்தது.

அச்சிட்டவுடன் ஃபிரேம் போடக் கூடாது. நிறமி மையில் உள்ள கிளைக்கால்கள் மெல்ல ஆவியாகும். உடனே மூடினால் கண்ணாடியின் உட்புறத்தில் மூட்டம் படியும். ஒவ்வொரு படத்தின் மேலும் சாதாரண வெள்ளைத்தாள் வைத்து, முதல் நாள் தாளை மறுநாள் மாற்றி, மூன்று நாட்கள் விட்டேன். மழைக்காலம் இல்லையென்றால் ஒரு நாளும் போதும். பின்பக்கத்துக்கு அமிலமில்லா அட்டைதான். அந்த வீட்டிலேயே பழைய படங்களின் பின்னால் மரப்பலகையும் பழுப்பு அட்டையும் வைத்த இடங்களில், மரத்தின் வரி அப்படியே படத்தின் முதுகில் கருகி இறங்கியிருந்ததைப் பார்த்தேன்.

கண்ணாடிதான் கடைசிச் சிக்கல். அதன் இரு பரப்புகளும் சேர்ந்து விழும் ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வளவில் அது முற்றத்து வானத்தைப் படத்தின் மேல் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது. பரைட்டாவின் ஆழமான கருமையும் அங்கே காணாமல் போகிறது. அதனால் நிழல் மிகுந்த ஐந்து படங்களையும் உள்ளே தள்ளியிருக்கும் பட்டாலைக்கும், வெளிச்சமான ஒன்பதையும் பத்திக்கும் ஒதுக்கினேன். மாட்டும் விதத்தை அந்த வீட்டின் முன்னோர்களே கற்றுக்கொடுத்தார்கள். நிலைவாசலுக்கு மேலே உயரத்தில் தொங்கும் பழைய படங்கள் எல்லாம் தலை முன்னே சாய்ந்தபடி கட்டப்பட்டிருந்தன. அந்தச் சாய்வில் கண்ணாடி வானத்தைக் காட்டாமல் தரையைக் காட்டுகிறது. என் படங்களையும் மேல் விளிம்பு இரண்டு விரற்கடை முன்னே வரும்படி மாட்டச் சொன்னேன். கயிற்றின் நீளத்தைத் தச்சர் அண்ணன் நான்கு முறை மாற்றிக் கட்டினார்.

அறுபதாம் கல்யாணத்தன்று பத்தியில் பந்தி நடந்தது; படங்களை நான் பார்க்கவில்லை, படங்களைப் பார்த்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்துப் படத்தின் முன் ஆச்சி நின்று, அருகிலிருந்த உண்மைச் சுவரையும் படத்திலிருந்த சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “இப்ப சரியா இருக்கு தம்பி” என்றார்கள்.

அந்தச் சோதனைத் துண்டுகளை நான் எறியவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஆச்சியின் அனுமதியோடு பத்தியின் தெற்குச் சுவரில் ஒரு சிறிய ஃபிரேமில் வைத்தேன். மறுபாதியை உறையில் போட்டு என் அலமாரியில், இருட்டில் வைத்திருக்கிறேன். தை மாதம் தோறும் உறையோடு போய் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். முதல் தையிலேயே பளிச்சென்ற தாளின் இரு பாதிகளுக்கும் வேறுபாடு தெரிந்துவிட்டது. மற்ற மேட் தாளும் பரைட்டாவும் இரண்டாம் தையிலும் என் கண்ணுக்கு மாறவில்லை. பார்த்த தேதியை உறையின் பின்னால் பென்சிலால் எழுதி, மறுபடி அலமாரிக்குள் வைத்தேன்.